சோதனைக் கிணறுதானே என்று விட்டுவிடலாமா?

வாசகர் கேள்வி – பதில்

எங்கள் ஊரில் எரிவாயு இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு சோதனைக் கிணறு தோண்டப்போகிறார்களாம். வாயு எடுக்க வரும்போது எதிர்த்துக்கொள்ளலாம், சோதனைக்கே ஏன் இத்தனை கூச்சல் என்று படித்தவர்களே கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– பட்டுக்கோட்டை வட்டாரத்திலிருந்து ஒரு விவசாயி

ஊரார் கேட்கவேண்டிய முக்கியமான கேள்விகள் பெரும்பாலும் சோதனைக் கட்டத்துக்கே உரியவை என்று சொல்லுங்கள். நாம் குடிக்கவும் பாய்ச்சவும் எடுக்கும் நிலத்தடி நீர்ப்படுகைகளைத் துளைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான அடி கீழே இறங்கும் வேலை சோதனையின்போதே நடந்து முடிந்துவிடுகிறது. அந்தத் துளைக்கும் நீர்ப்படுகைக்கும் நடுவே இருப்பவை இரும்பு உறைக்குழாயும் அதைச் சுற்றி இறக்கப்படும் சிமெண்டும் மட்டுமே. சிமெண்டு எங்கேனும் சரியாகப் பிடிக்காமல் போனால், ஆழத்திலுள்ள உவர்நீரும் வாயுவும் மேலேறி நல்ல தண்ணீரில் கலக்க வழி உண்டாகிவிடும். வாயு கிடைக்கவில்லை என்று கைவிடப்படும் கிணற்றை முறையாக அடைக்காவிட்டாலும் இதே ஆபத்துதான்.

துளையிடும்போது பெண்டோனைட் களிமண்ணும் பேரைட் தூளும் ரசாயனங்களும் கலந்த குழம்பை உள்ளே செலுத்துவார்கள்; அது பாறைத் துகள்களை அள்ளிக்கொண்டு மேலே வரும். அதைத் தேக்கும் குழியின் அடியில் தடித்த விரிப்பு போடப்படுகிறதா, ஐப்பசி மழையில் குழி நிரம்பி வழிந்தால் எந்த வாய்க்காலில் போய் விழும், வேலை முடிந்ததும் அந்தக் கழிவை யார், எங்கே கொண்டுபோவார்கள் என்று கேட்பது கூச்சல் ஆகாது. புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) திட்டத்துக்கு எதிராக மக்கள் திரண்டபோது, பக்கத்து நல்லாண்டார்கொல்லையில் பல ஆண்டுகளுக்கு முன்பே தோண்டி விடப்பட்டிருந்த சோதனைக் கிணறு அவர்கள் கண்முன்னே இருந்தது. அவர்களுடைய அச்சம் வதந்தியில் பிறந்தது என்று சொன்னவர்கள் அந்த ஊருக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

வெளிநாட்டிலும் சோதனைக் கட்டமே சிக்கலாகியிருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஷயரில், களிப்பாறைக்குள் (ஷேல்) அழுத்தத்தோடு நீரைச் செலுத்திப் பிளந்து பார்த்த ஆய்வுக் கிணறுகளால் 2011-இல் 2.3 அளவிலும், 2019 ஆகஸ்டில் 2.9 அளவிலும் நில அதிர்வுகள் ஏற்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் அரசு அந்த முறையையே நிறுத்திவைத்தது. அங்கே வணிக உற்பத்தி தொடங்கியிருக்கவே இல்லை.

காவிரிப் படுகையில் பல பத்தாண்டுகளாக எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிறார்கள். அதிலும் மீத்தேன்தானே இருக்கிறது? இப்போது மட்டும் ஏன் பயம்?
– நன்னிலத்திலிருந்து ஒரு வாசகி

வாயு ஒன்றுதான், அது எந்தப் பாறையில், எப்படிச் சிறைப்பட்டிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. காரைக்காலில் 1964-இல் தோண்டத் தொடங்கிய காலம் முதல் தேடப்பட்டுவந்தது, நுண்துளைகள் கொண்ட பாறையில் தேங்கி, துளையிட்டால் தன் அழுத்தத்திலேயே மேலே வரக்கூடிய வாயு. நிலக்கரிப் படிமத்திலுள்ள மீத்தேனோ நீரின் அழுத்தத்தால் கரியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை விடுவிக்க வேண்டுமானால் அந்தப் படிமத்து நீரை மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் இறைத்து வெளியேற்ற வேண்டும். கடலோரமாக இருக்கும் நமது டெல்டாவில், ஆழத்து நீரை அப்படி இறைத்தால் மேலேயுள்ள நீர்மட்டம் என்னவாகும், கடல்நீர் எவ்வளவு தூரம் உள்ளே வரும், இறைத்த உவர்நீரை எந்த ஆற்றில் விடுவார்கள் என்ற கேள்விகள் அப்படித்தான் எழுந்தன.

மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் எடுக்க 2010-இல் ஒப்பந்தம் போடப்பட்டது. ஊர் ஊராகச் சென்று அதன் விளைவுகளை விளக்கிவந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், அந்தப் பணியின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று அத்திவெட்டியில் காலமானார். அவ்வாண்டு ஜூலையிலேயே மாநில அரசு பணிகளை நிறுத்தி நிபுணர் குழு அமைத்திருந்தது. 2015-இல் குழுவின் அறிக்கையை ஏற்றுத் திட்டத்தை நிராகரித்தது. ஆகவே விவசாயிகளின் கவலைக்கு அடிப்படை இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த புதிய உரிமக் கொள்கையின்படி எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரி மீத்தேன், களிப்பாறை வாயு எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம்தான். எனவே "சாதாரண எண்ணெய்க் கிணறுதான்" என்ற வாய்ச்சொல்லோடு திருப்தி அடையாமல், அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படிப்பதே முறை.

பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் எங்கள் பகுதியில் நடத்தப்படவே இல்லை. இது சட்டப்படி சரியா?
– ஆலங்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

ஆய்வுக் கிணறு என்றால், சட்டப்படி சரியாகிவிட்டது. 2020 ஜனவரி 16 அன்று சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் செய்யப்பட்ட திருத்தம், எண்ணெய், எரிவாயு ஆய்வுத் திட்டங்களை 'பி2' பிரிவுக்கு மாற்றிவிட்டது. அந்தப் பிரிவுக்குக் கருத்துக்கேட்பு தேவையில்லை. துளையிடும் கட்டத்தில்தான் ஊரார் பேச வேண்டும் என்றிருக்க, அந்தக் கட்டத்திலேயே அவர்கள் வாய் அடைக்கப்பட்டது பெரிய அநீதி என்பதே என் கருத்து.

டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த பிறகும் கவலைப்பட வேண்டுமா?
– திருவாரூரிலிருந்து ஒரு வாசகர்

2020-இல் நிறைவேறிய அந்தச் சட்டம் மண்டலத்துக்குள் மீத்தேன், களிப்பாறை வாயு உட்பட புதிய ஹைட்ரோகார்பன் ஆய்வையும் துளையிடலையும் தடுக்கிறது. அது மதிக்கத்தக்க காப்பு. ஆனால் அதற்கு முன்பே நடந்துவந்த பணிகளை அது தொடுவதில்லை. மண்டலத்தின் எல்லைக்கு வெளியேயும் அது செல்லாது. இராமநாதபுரம் பகுதியில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு 2025-இல் சுற்றுச்சூழல் அனுமதி அளிக்கப்பட்டதையும், எதிர்ப்பு கிளம்பிய பின்னர் அதைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசே கேட்டுக்கொண்டதையும் பார்த்தோம்.

நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வந்திருக்கிறார்கள். நாங்கள் உடனடியாகச் செய்ய வேண்டியது என்ன?
– பரமக்குடி அருகிலிருந்து ஒரு குடும்பம்

முதலில் உங்கள் கிணறு, போர்வெல், ஊர்க் குளம் ஆகியவற்றின் நீரை, துளையிடுவதற்கு முன்பே, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பரிசோதித்து அறிக்கையைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். கரைந்த உப்புகள், குளோரைடு அளவுகள் அதில் கட்டாயம் இருக்கட்டும். நாளைக்குத் தண்ணீர் உப்பாகிவிட்டால், முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அந்தத் தாளைத் தவிர உங்களிடம் வேறு சாட்சி இருக்காது. கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். அது ஒன்றே திட்டத்தை நிறுத்திவிடாது என்றாலும், ஆட்சியரிடமும் நீதிமன்றத்திலும் ஊரின் நிலைப்பாட்டுக்கு எழுத்துச் சான்றாக நிற்கும்.

ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம். எத்தனை ஆண்டுக் குத்தகை, நீட்டிப்புக்கு உங்கள் சம்மதம் வேண்டுமா, கிணற்றை அடைத்து மேல்மண்ணை மீண்டும் பரப்பித் தருவது யார் பொறுப்பு, பக்கத்து வயல்காரருக்கு நட்டம் வந்தால் யார் ஈடுகட்டுவது என்பவை எழுத்தில் இல்லையென்றால், வாடகை எவ்வளவு கூடுதலாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.