சேதாரம் எவ்வளவுன்னு கேட்டுட்டு கண்ணாடி முன்னால நில்லுங்க

கேள்வி: அண்ணாச்சி, ஆவணியில மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். 2 பவுன்ல செயின் எடுக்கணும். திருநெல்வேலி டவுன்ல ஒரு கடையில கிராமுக்கு 50 ரூவா கொறச்சுத் தாரோம்ங்காவ. அம்பையில நாங்க வழக்கமா எடுக்கிற கடையில ஒரு பைசா கொறைக்க மாட்டேங்காவ. டவுனுக்கே போயிரலாமா?
- ஒரு அம்மா, கல்லிடைக்குறிச்சி

பதில்: 50 ரூவாய நம்பி பஸ் ஏறிராதிய அம்மா. ரெண்டு கடையிலயும் சேதாரம், அதான் நகை செய்யையில வீணாகுற தங்கத்துக்குன்னு போடுற காசு, எத்தன பெர்சன்ட்டுன்னு கேட்டியளா? கேட்டிருக்க மாட்டிய, ஏன்னா பில் போடுற நேரத்துலதான் அவிய அதச் சொல்லுவாவ, அதுக்குள்ள மக செயினப் போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னால நின்னு சிரிச்சிருப்பா, நமக்கு கழட்டி வையின்னு சொல்ல வாய் வராது. கணக்குக்கு சுளுவா கிராம் 10,000னு வச்சுக்குவோம். 2 பவுன்னா 16 கிராம், 1,60,000. அம்பைக் கடையில சேதாரம் 12 பெர்சன்ட்டுன்னா 19,200, அதுக்கு மேல 3 பெர்சன்ட் ஜிஎஸ்டி 5,376, ஆக 1,84,576. டவுன்ல 9,950 ரூவா ரேட்டு, ஆனா சேதாரம் 16 பெர்சன்ட்டுன்னு வச்சிக்கிடுங்க, எல்லாம் சேத்து 1,90,212 வருது. 800 ரூவா கொறச்ச மாதிரி கொறச்சு 5,600 ரூவா கூட வாங்கிட்டாவ, பஸ் சார்ஜ் தனி! சில கடையில சேதாரம் கம்மின்னு சொல்லிட்டு செய்கூலின்னு தனியா ஒரு வரி போடுவாவ, ரெண்டையும் கூட்டிப் பாத்துக்கிடுங்க. நாளைக்கு அவசரத்துக்கு விக்கப் போனா சேதாரம், செய்கூலி, ஜிஎஸ்டி எதுவும் திரும்பி வராது, தங்கத்துக்கு மட்டுந்தான் காசு. அதனால தெனம் போடுற செயின்னா வேலைப்பாடு கம்மியா எடுங்க, சேதாரமும் கம்மியா இருக்கும்.

கல்லு வச்ச நகைன்னா இன்னும் கவனம். என் தங்கச்சிக்கு ஒரு கல் தோடு எடுத்தோம், கடை பேரு வேண்டாம், கல்லோட எடையையும் தங்கத்தோட சேத்தே ரேட்டு போட்டுட்டான், வீட்டுக்கு வந்து பில்லப் பாத்த பெறவுதான் தெரிஞ்சுது. மொத்த எடை, கல் எடை, நிகர எடைன்னு மூணும் பில்லுல தனித்தனியா இருக்கணும். 2 லட்சத்தத் தாண்டினா பான் கார்டு கேப்பாவ, அதையும் கையில வச்சுக்கிடுங்க.

கேள்வி: 916ன்னு போட்டிருந்தா போதுமா? எங்க மைனி கேடிஎம்தான் நல்லதுன்னு சொல்லுதா.
- ஒரு வாசகி, திசையன்விளை

பதில்: மைனி பழைய ஆளு போல. கேடிஎம்ங்கிறது தரத்தோட பேரே இல்ல, கேட்மியம் சேத்து நகைத் துண்டுகள ஒட்டப் பத்த வைக்கிற முறை, அந்தப் புகை வேலை செய்யிற ஆசாரிக்கு ஆகாதுன்னு அத விட்டுட்டாவ, ஆனா நம்ம சனத்துக்கு வாய்ல அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. 916ங்கிறது 22 காரட், நூத்துல 91.6 பங்கு தங்கம். ஆனா அந்த நம்பர் மட்டும் இருந்தாப் பத்தாது. 2023 ஏப்ரல்ல இருந்து 3 அடையாளம் இருக்கணும்: பிஐஎஸ்ங்கிற இந்திய தர நிர்ணய அமைப்போட முத்திரை, காரட் நம்பர், எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க ஹெச்யுஐடி, அதாவது அந்த ஒரு நகைக்குன்னே உள்ள அடையாள எண். பொடி எழுத்து, கண்ணுக்குத் தெரியாது, கடையில லென்ஸ் கேளுங்க, கூச்சப்படாண்டாம். பிஐஎஸ் கேர்னு ஒரு ஆப் இருக்கு, அந்த 6 இலக்கத்த அதுல போட்டா என்ன நகை, எத்தன காரட்டுன்னு காட்டும். நீங்க கம்மல் வாங்கப் போக அது மோதிரம்னு காட்டுச்சுன்னா நகைய வச்சிட்டு வெளிய வந்துருங்க. 2 கிராமுக்குக் கீழ உள்ள மூக்குத்தி மாதிரி பொடி நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்ல. பில்ல மட்டும் தொலைச்சிராதிய, தரம் கொறஞ்சதுன்னு தெரிஞ்சா கொறஞ்ச தொகைக்கு ரெண்டு மடங்கு கேக்கலாம், பில் இல்லாம யார்ட்ட போயி கேப்பிய?

கேள்வி: ஆச்சியோட பாம்படம் இருக்கு, அத மாத்தி வளையல் எடுக்கலாமா?
- ஒரு வாசகர், நாங்குநேரி

பதில்: எனக்கு மனசே வரல, என்ன செய்ய. மாத்தத்தான் போறேன்னா ஒண்ணு தெரிஞ்சுக்கோரும், பாம்படத்துக்கு உள்ள அரக்கு இருக்கும், தராசுல காட்டுற எடை முச்சூடும் தங்கம் இல்ல. மெஷின்ல வச்சு மேலாக்கப் பாத்து காரட் சொன்னா ஒத்துக்கிடாதியும், ஒம்ம கண்ணு முன்னால உருக்கச் சொல்லி, அந்தக் கட்டிய எடை போட்டு, தரம் பாக்கச் சொல்லும். உருக்கிட்டா திரும்பக் கெடைக்காது, அதுக்கு முன்னால ஆச்சி காதுல அது கெடந்த போட்டோ எதாவது இருக்கான்னு வீட்டுல தேடிப் பாரும்.

கேள்வி: நகைச் சீட்டு போடலாமா?
- பாளையங்கோட்டை

பதில்: 11 மாசச் சீட்டுன்னா, மாசாமாசம் கட்டுற காச அன்னைக்கு ரேட்டுல கிராமா வரவு வைக்காவளா, இல்ல ரூவாயாவே வைக்காவளா, சேதாரம் இல்லன்னு சொல்லுதது எல்லா நகைக்குமா, இல்ல அவிய எடுத்துக் காட்டுற நாலு டிசைனுக்கு மட்டுமா, இத எழுதி வாங்கிட்டுச் சேருங்க. எங்க தெருவுல ஒரு சீட்டுக்கடை ராத்திரியோட ராத்திரியா பூட்டிட்டுப் போனான், பத்து மாசம் கட்டின அட்டை இன்னும் எங்க வீட்டு பீரோவுல கெடக்கு.