ஆறுதல் சொல்லத் தெரிந்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,

நான் பள்ளி ஆசிரியர். மாணவர்கள் வீட்டுக் கஷ்டங்களை என்னிடம்தான் கொட்டுவார்கள். "நீங்கள் பேசினாலே மனம் லேசாகிறது சார்" என்பார்கள். உளவியல் ஆலோசனைப் பட்டயப் படிப்பில் சேர நினைக்கிறேன். ஒருவர் நம்மை நம்பி மனம் திறக்க ஆலோசகருக்கு என்ன குணம் வேண்டும்? எனக்கு ஆறுதல் சொல்ல நன்றாக வரும். அது போதுமா?

ஒரு வாசகர், தென்காசி

அன்புள்ள நண்பருக்கு,

படிப்பில் சேருங்கள். ஆனால் நன்றாகப் பேச வரும் என்பதை முதல் தகுதியாக வைத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் அறிவுரைக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. பரீட்சையில் தோற்ற பையன் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் நான்கு பேர் புத்தி சொல்லி முடித்திருப்பார்கள். ஐந்தாவது ஆளாக நீங்கள் எதற்கு?

லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் 1953இல், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காகத் தன் தேவாலயத்தில் ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். அவரை நேரில் பார்க்கவும் ஆட்கள் வரிசையில் காத்திருந்தார்கள். காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில தன்னார்வலர்கள் வந்தார்கள். அவர்களிடமே மனத்தில் இருப்பதைச் சொல்லித் தீர்த்தவர்களில் பலர், பாதிரியாரைப் பார்க்காமலே கிளம்பிப் போனார்கள். இதைக் கவனித்த வாரா, மறுவருடமே கேட்கும் பொறுப்பைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்துவிட்டார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. சென்னையில் 1986இல் தொடங்கிய சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பிலும் தொலைபேசியை எடுப்பவர்கள் தன்னார்வலர்களே.

ஆலோசகருக்கு வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சொன்ன மூன்று பண்புகளை வகுப்பில் எப்படியும் நடத்துவார்கள்: பாசாங்கின்மை, நிபந்தனையற்ற மதிப்பு, பிறர் நிலையில் நின்று உணர்தல். பரீட்சையில் எழுத எளிது. கடைப்பிடிக்கும்போதுதான், குறிப்பாக இரண்டாவதில், ஆள் மாட்டிக்கொள்வார். ஒரு மாணவி வந்து, "எங்கம்மா செத்துப்போனால் நிம்மதியாக இருப்பேன்" என்கிறாள் என்று வையுங்கள். "அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா" என்று உங்கள் வாய் தானாகச் சொல்லும். அன்பாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அடுத்து அவள் சொல்லவிருந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். வாய் சும்மா இருந்து புருவம் மட்டும் உயர்ந்தாலும் இதே கதைதான். பிள்ளைகள் வாத்தியார் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள், உங்களுக்குத் தெரியாததா?

பாசாங்கின்மைக்கு வருகிறேன். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். பதினெட்டு வயது நிறையாத பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி நீங்கள் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் அது குற்றம். ஆகவே எதை வெளியே சொல்ல மாட்டீர்கள், எதைச் சொல்லியாக வேண்டும் என்பதை, அந்தப் பிள்ளை பேச ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நம்பிக்கை போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். பாதியில் வாக்கு மாறினால்தான் அது அடியோடு போகும். வியாழக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொல்லிவிட்டு நீங்கள் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருப்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

இன்னொன்று. நீங்கள் அதே பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுகிறவர். அவர்களுடைய அப்பா அம்மாவையும் பெற்றோர் கூட்டத்தில் சந்திக்கிறவர். ஆசிரியர், ஆலோசகர் என்ற இரண்டு நாற்காலிகளிலும் ஒருவரே உட்காரலாமா என்பதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பேராசிரியரிடம் கேளுங்கள். அவர் மழுப்பினால் விடாதீர்கள்.