சுரங்கக் கழிவு நுரை பிளாக்: 4 எம்.பி.ஏ. (மெகாபாஸ்கல்) வலிமை போதுமா?

கேள்வி: சுரங்கத் தாதுக் கழிவில் செய்த நுரை பிளாக் (நுரை கலந்து வார்த்த லேசான சிமென்ட் பிளாக்) வாங்க நினைக்கிறேன். அடர்த்தி கன மீட்டருக்கு 800 கிலோ, அமுக்க வலிமை (நொறுங்காமல் தாங்கும் அழுத்தம்) 4 எம்.பி.ஏ. என்கிறது பரிசோதனை அறிக்கை. ஒற்றைத் தள வீட்டுக்குச் சுமை தாங்கும் சுவராகப் போதுமா?

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொன்னால், வலிமை போதும்தான். ஒரு மீட்டர் நீளமும் 200 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள சுவருக்கு 4 எம்.பி.ஏ. என்பது சுமார் 80 டன். ஆனால் தனிப் பிளாக்கை இயந்திரத்தில் வைத்து நொறுக்கியபோது கிடைத்த எண் அது. சாந்து இணைப்பு, சுவரின் உயரம், மையம் விலகி இறங்கும் சுமை, பாதுகாப்புக் காரணி எல்லாவற்றையும் கழித்தால் கையில் நிற்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அந்த 8 டன்னே ஒற்றைத் தளத்துக்குப் பெரும்பாலும் தாங்கும். உங்கள் பொறியாளர் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

என் கவலை வேறு. அந்தச் சோதனை காய்ந்த பிளாக்கிலா, நனைந்த பிளாக்கிலா? நுண்துளைப் பொருள் நீர் குடித்தால் வலிமை இறங்கும். கால் பங்கு போனாலும் வியப்பில்லை. அடர்த்தியும் ஒரே சீராக இருக்க வேண்டும். நுரை கொஞ்சம் கூடி 800 கிலோ 700 ஆனால், எடை எட்டில் ஒரு பங்குதான் குறையும். வலிமை அதைவிட அதிகமாகச் சரியும். ஒரே ஒரு பிளாக்கின் முடிவைக் காட்டுபவரிடம், வெவ்வேறு நாள் வார்ப்பிலிருந்து எடுத்த மாதிரிகளின் முடிவைக் கேளுங்கள். நன்றாக வந்த ஒன்றைப் பொறுக்கி அனுப்புவது யாராலும் முடியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கழிவு எந்தத் தாதுவிலிருந்து வந்தது என்பது. அதில் பைரைட் போன்ற சல்பைடு (கந்தகம் சேர்ந்த கனிமம்) இருந்தால், ஈரமும் காற்றும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகும். அது சிமென்ட்டோடு வினைபுரிந்து, உப்பி, உள்ளிருந்தே பிளாக்கைப் பிளக்கும். இங்கிலாந்தின் கார்ன்வாலில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சுரங்கக் கழிவைச் சல்லியாகப் போட்டுக் கட்டிய வீடுகளுக்கு நேர்ந்தது இதுதான். ‘முண்டிக் சிக்கல்’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அங்கே பழைய வீட்டுக்குக் கடன் கேட்டால், இன்றும் கான்கிரீட் மாதிரியைச் சோதிக்கச் சொல்கிறார்கள். வார்த்த 28-ஆம் நாளில் செய்யும் வழக்கமான வலிமைச் சோதனையில் இந்த நோய் தெரியாது. ஐரோப்பியத் தரநிலையில் கான்கிரீட் சல்லிக்கு மொத்தக் கந்தக வரம்பு 1 சதவீதம், பைரோடைட் (இன்னொரு இரும்புச் சல்பைடு) இருந்தால் 0.1 சதவீதம். உங்கள் அறிக்கையில் கந்தக அளவே இல்லையென்றால், சுமை தாங்கும் சுவருக்கு அந்தப் பிளாக்கை நான் வாங்கமாட்டேன்.

இன்னொன்று: இந்தப் பிளாக் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. உத்திரம் உட்காரும் இடத்தில் பிளாக்கின் மேல் நேரடியாக வைக்காமல், சுமையைப் பரப்ப ஒரு கான்கிரீட் திண்டு போடுங்கள்.