காது கேட்காத பிள்ளையின் மூளை: கேட்டதும் சொன்னதும்

வண்ணாரப்பேட்டையில் ஆடியாலஜிஸ்டாக இருக்கிறேன். பிறவியிலேயே காது கேளாமை பற்றி மட்டும் கேளுங்கள்.

காசிமேடு: தம்பிக்குப் பிறந்ததிலிருந்து கேட்காது. மூளையில் அந்தப் பகுதி சுருங்கியிருக்குமா?

இல்லைங்க. ஒலி முதலில் வந்து இறங்கும் ஹெஷல் மடிப்பை 2003-இல் ஸ்கேனில் அளந்தார்கள். நரம்பு செல்கள் இருக்கும் சாம்பல்நிறப் பகுதி கேட்பவர்களுக்கு உள்ள அளவே இருந்தது. குறைந்திருந்தது வெள்ளைப் பகுதி, அதாவது ஒயரிங். இடமும் காலியாகக் கிடப்பதில்லை, பார்வையும் தொடுதலும் அங்கே குடிவந்துவிடும்.

வியாசர்பாடி: எங்கள் கோல்கீப்பருக்குக் காது கேட்காது. ஓரமாக வரும் பந்தை எங்களுக்கு முன்னால் பார்த்துவிடுகிறான், எப்படி?

கண் கூர்மை எல்லாருக்கும் உள்ளதுதான், ஓரப்பார்வையில்தான் கில்லாடி. 2010-இல் பிறவியிலேயே கேளாத பூனைகளின் கேட்கும் பகுதியில் ஓரிடத்தைக் குளிரவைத்துத் தற்காலிகமாக முடக்கினார்கள். அவற்றின் ஓரப்பார்வைத் திறமை போய்விட்டது, குளிர் நீங்கியதும் திரும்ப வந்தது!

கொருக்குப்பேட்டை: இரண்டு வயது, பேச்சு வரவில்லை. அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினாராம். தட்டைத் தட்டினால் திரும்புகிறான்.

தட்டை எங்கே தட்டினீர்கள்? இப்படித்தான் ஓர் அம்மா என் எதிரிலேயே எவர்சில்வர் தட்டைத் தரையில் அடித்தார், பிள்ளை திரும்பினான். மடியில் உட்காரவைத்து, தட்டைக் கையில் தூக்கிப் பின்னால் அடித்தேன், அசையவே இல்லை. அவன் உணர்ந்தது தரையின் அதிர்வை. பெரா டெஸ்ட் எடுங்கள், காதில் ஒலி கொடுத்து நரம்பும் மூளையும் பதில் தருகிறதா என்று பார்ப்பது.

தண்டையார்பேட்டை: பேத்திக்கு மூன்று வயது, பேச்சு வரவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா?

மேலே படித்தீர்களா? பெரா! மூன்றரை வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) வைத்த பிள்ளைகளின் மூளை பெரும்பாலும் சீக்கிரமே மற்றப் பிள்ளைகள்போல ஒலிக்குப் பதில் தருகிறது, ஏழு தாண்டினால் அது கடினம்.

திருவொற்றியூர்: சைகை பழகினால் பார்வை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பேச்சு வராது. குடிவரும் என்று நீங்களே சொன்னீர்கள்.

நான் சொன்னதை வைத்தே மடக்குகிறீர்கள், சரி. ஆனால் பார்வை குடிவருவது ஒலி வராததால். சைகையே தெரியாத கேளாதவர்களிடமும் இது நடக்கிறது. சைகை மொழியோ பேச்சைப்போலப் பெரும்பாலும் இடது மூளையில்தான் ஓடுகிறது. அங்கே பக்கவாதம் வந்தால் சைகை மொழி குழறும், ஆனால் மொழியல்லாத வெறும் கையாட்டல் தடையில்லாமல் வரும். மொழியே இல்லாமல் வைத்திருப்பதுதான் ஆபத்து.

திருவொற்றியூர்: சைகை பழகிய என் மகனுக்குப் பேச்சு வரவில்லையே.

எத்தனை வயதில் இம்ப்ளான்ட் வைத்தீர்கள்?

திருவொற்றியூர்: எட்டு.

சைகைமேல் பழி போடாதீர்கள் ஐயா.

தண்டையார்பேட்டை: பெரா எங்கே எடுப்பது?

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். தூங்கும்போதுதான் எடுப்பார்கள், பேத்தியை வழியில் ஆட்டோவில் தூங்கவிடாதீர்கள்.