“ஸ்டாரை எடுத்து வெச்சுரலாம்மா, அப்பா வந்துருவாரு”

மேடத்துக்கு வணக்கம்.

எனக்கு 33 வயது. திருப்பூரில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. இரண்டு பக்கமும் தாத்தா காலத்திலிருந்தே கிறிஸ்தவக் குடும்பம். நான் ஈரோட்டுப் பக்கம் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள். இவரும் அப்படித்தான். மூன்று வருஷமாக இவர் மட்டும் ஐக்கியம் என்று வேறொரு தனிச் சபைக்குப் போகிறார். அங்கே கிறிஸ்துமஸ் கிடையாது. “டிசம்பர் 25 வேதத்துல எங்க இருக்குது? மரமும் ஸ்டாரும் யாரு சொன்னது?” என்பார்கள். இவரும் இப்போது அதையே சொல்கிறார்.

எங்கப்பா இருந்தவரைக்கும் டிசம்பர் பிறந்தால் வீடே வேறு மாதிரி இருக்கும். தோட்டத்திலிருந்து ஒரு கட்டு சோளத்தட்டு கொண்டுவந்து திண்ணையில் போடுவார். முழங்கை நீளத்துக்கு நறுக்கி, சணலில் இறுக்கிக் கட்டி, எங்கள் மாட்டுக் கட்டுத்தாரை மாதிரியே குடில் செய்வார். பொம்மை மாட்டுக்கு முன்னால் நிஜ வைக்கோல் ஒரு கைப்பிடி வைப்பார். “பொம்மைன்னாலும் பசிக்கும்ல” என்பார். விடியற்காலை ஆராதனைக்குப் பனியில் டி.வி.எஸ். 50-ல் என்னை முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப்போவார். அவர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது.

போன வருஷம் போர்ட்டிகோவில் காகித ஸ்டார் ஒன்று கட்டினேன். இவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஸ்டாரைக் காணோம். பீரோவுக்குப் பின்னால் மடக்கிச் சொருகியிருந்தார். கண்டுபிடித்து எடுத்தது மகள். நானும் விடாமல் திரும்பக் கட்டினேன். கிறிஸ்துமஸ் அன்றைக்கு விடிகாலையில் இவர் எழுந்திருக்கவே இல்லை. ஆட்டோ வந்து நிற்கிறது, மகள் வாசலில் நின்றுகொண்டு, “ஸ்டாரை எடுத்து வெச்சுரலாம்மா, அப்பா வந்துருவாரு” என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்த வருஷம் சண்டே ஸ்கூல் நாடகத்தில் அவளுக்குத் தேவதூதன் வேஷம் கொடுத்திருக்கிறார்கள். பிராக்டிஸ் ஆரம்பித்ததிலிருந்து வயிற்றுவலி. பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிக்கும். குழந்தை டாக்டரிடம் காட்டி, ஸ்கேன், யூரின் டெஸ்ட் எல்லாம் எடுத்தாயிற்று. ஒன்றுமில்லை, டென்ஷனாக இருக்கலாம் என்கிறார். ஏழு வயசுக் குழந்தைக்கு என்ன மேடம் டென்ஷன்?

கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் சாத்தானின் வேலை என்று அந்த ஐக்கியத்தில் சொன்னார்களாம். அதை இவர் வீட்டில் சொல்ல, மகள் அதைத் தம்பியிடம், “அந்தத் தாத்தா புடிச்சுட்டுப் போயிருவாரு” என்று சொல்லியிருக்கிறாள். ஒரு துணிக்கடை வாசலில் வேஷம் போட்டவர் மிட்டாய் நீட்டியதும் சின்னவன் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடையில் கலைமான் படம் போட்ட நைட் டிரஸ் இரண்டு செட் வாங்கினேன். மகள் அதைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். இவர் கம்பெனியிலேயே ஆடி மாதம் இதே மாதிரி பிரிண்ட் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஓடும். கேட்டால், “அது தொழிலு” என்கிறார்.

“நீயே அப்பாகிட்டக் கேளு கண்ணு, நீ கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாரு” என்று மகளிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்டாளா, தெரியவில்லை. அன்று ராத்திரி படுக்கையில், “இயேசப்பாவுக்குக் கிறிஸ்துமஸ் புடிக்காதாம்மா?” என்று கேட்டாள்.

இவர் கெட்டவர் இல்லைங்க. குடி, சிகரெட் எதுவும் கிடையாது. இவருடைய அப்பாதான் குடிப்பார். கிறிஸ்துமஸ் என்றால் இன்னும் அதிகம். ஒரு வருஷம் வீட்டுக்கு வந்த கேரல் குழுவையே அடிக்கப் போனாராம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னார். அப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு அக்கா கச்சாயமும் முறுக்கும் கொடுத்துவிட்ட போசி இன்னும் சமையல்கட்டில் காலியாக நிற்கிறது. வெறும் போசியாகத் திருப்பிக் கொடுக்க மனசில்லை, கிறிஸ்துமஸ் பலகாரம் போட்டுக் கொடுக்கலாம் என்று வைத்தேன். இந்த வீட்டில் கிறிஸ்துமஸ் உண்டா என்றே இப்போது தெரியவில்லை. நான் பார்த்த கிறிஸ்துமஸை என் பிள்ளைகளும் பார்க்க வேண்டும் என்று நினைப்பது தப்பா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்


அன்புச் சகோதரிக்கு,

தப்பில்லை. அதற்கு முன்னால் வயிற்றுவலியைப் பார்த்துவிடுவோம், அதுதான் அவசரம்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் அவள் நடிக்கிறாள் என்று அர்த்தமில்லை. அந்த வயதில் பயத்தையும் குழப்பத்தையும் சொல்ல வார்த்தை கைவசம் இருக்காது. வயிறுதான் பேசும். வலி அவளுக்கு நிஜமாகவே வலிக்கிறது. “ஒண்ணுமில்ல, எந்திரி” என்று யாரும் சொல்லாதீர்கள். இரண்டு வாரத்துக்கு வலி வருகிற நாளையும் நேரத்தையும் காலண்டரில் குறித்து வையுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, வாந்தி, காய்ச்சல், எடை குறைவது, மலத்தில் ரத்தம், இதில் எது வந்தாலும் மறுபடி டாக்டரிடம் போக வேண்டும். இல்லையென்றால், சனிக்கிழமை சாயங்காலம் என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. மறுநாள் ஞாயிறு. அம்மா ஒரு சபைக்கு, அப்பா இன்னொரு சபைக்கு.

இனி கொஞ்சம் கசப்பாக ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டாரைச் சத்தமில்லாமல் கழற்றியது அவர் செய்த தவறு. பேச வேண்டியதைப் பேசாமல் கையால் செய்துவிட்டார். “நீயே அப்பாகிட்டக் கேளு” என்று மகளை அனுப்பியது உங்கள் தவறு. உங்களால் கேட்க முடியாததை ஏழு வயதுக் குழந்தை தலையில் ஏற்றிவிட்டீர்கள். அப்பா சரி என்றால் அம்மா ஜெயித்தாள், மாட்டேன் என்றால் அம்மா அழுவாள். எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருவரை அவள்தான் தோற்கடிக்கிறாள். அவள் கேட்காமலே இருந்திருக்கக்கூடும். அந்த ராத்திரிக் கேள்வியை மறுபடி படித்துப் பாருங்கள். இயேசப்பாவுக்குப் பிடிக்குமா என்று கேட்கும்போது, அப்பா அம்மாவில் யார் தப்பு என்றுதான் அவள் கேட்கிறாள். இந்த வயதில் சரி, தப்பு என்று இரண்டே பெட்டிகள்தான். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் வேறு மாதிரி நினைக்கிறார்கள் என்பது அவளாகக் கண்டுபிடிக்கக்கூடியது இல்லை. யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அதைச் சொல்வதற்கு முன்னால் நீங்கள் இருவரும் பேச வேண்டும். கடிதத்தில் இரண்டு அப்பாக்கள் இருக்கிறார்கள். ஒருவர் பொம்மை மாட்டுக்கு வைக்கோல் வைத்தவர். அவரைப் பற்றி எழுதும்போது உங்கள் கையெழுத்தே கொஞ்சம் நிமிர்ந்து அழகாகியிருக்கிறது. இன்னொருவர் கேரல் குழுவை அடிக்கப் போனவர். அவருக்கு நாலு வரி, அதுவும் கடைசியில். உங்களுக்கு டிசம்பர் என்றால் சோளத்தட்டு வாசம். உங்கள் கணவருக்கு அது சாராய வாசமாக இருக்கலாம். கொண்டாட்டம் இல்லாத ஒரு ஐக்கியம் அவரை ஏன் இழுத்தது என்று நான் ஊகிக்க மட்டுமே முடியும், அவர் நம்பிக்கையை அதற்குள் அடைத்துவிடவும் கூடாது. ஆனாலும் ஊர்ச் சனம் பார்க்க அப்பா தள்ளாடி நின்றதைப் பார்த்தவருக்கு, இன்றைக்கு வாசலில் ஸ்டார் எரிவதைப் பார்க்கும்போது என்ன ஆகிறது என்று நீங்கள் கேட்டதுண்டா? பதிலுக்கு, அப்பாவை இழந்தவள் சோளத்தட்டைத் தேடுகிறாள் என்பது அவருக்குத் தெரியுமா?

வேத வசனத்தில் அவரை மடக்கிவிடலாம் என்று மட்டும் போகாதீர்கள். அவர் சொல்வதில் சரக்கு இருக்கிறது. நற்செய்தி நான்கிலும் பிறந்த தேதி கிடையாது. ரோமில் டிசம்பர் 25-ஐக் கொண்டாடியதற்கு இருக்கிற பழைய பதிவு 336-ஆம் வருஷத்தைச் சேர்ந்தது. ஆர்மீனியச் சபையார் இன்றைக்கும் ஜனவரி 6-ல்தான் கொண்டாடுகிறார்கள். 1659-ல் மாசசூசெட்ஸில் இருந்த பியூரிட்டன் கிறிஸ்தவர்கள், கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள். 1681 வரை அது இருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோயமுத்தூர், ஈரோடு பக்கம் சபைகளை நட்ட லண்டன் மிஷனுக்குப் பின்னால் நின்றவை பெரும்பாலும் காங்கிரகேஷனல் சபைகள். அந்தப் பியூரிட்டன் வழியில் வந்தவை. ஈரோட்டில் பன்னீர்செல்வம் பார்க் பக்கத்தில் நிற்கிற பிரப் சர்ச்சும் அந்த மிஷன் வழி வந்ததுதான். ஆக, உங்கள் சபையின் பூர்வீகத்தைத் தோண்டினால் உங்கள் வீட்டுக்காரர் கட்சிக்காரர்கள் அங்கேயே இருக்கிறார்கள். குடில் பக்கமும் சும்மா இல்லை. 1223-ல் இத்தாலியில் கிரெச்சியோ என்ற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் நிஜ மாடும் கழுதையும் வைக்கோலும் வைத்துக் குடில் அமைத்தார். உங்கள் அப்பா வைத்த கைப்பிடி வைக்கோலுக்கு 800 வருஷச் சொந்தம் இருக்கிறது. இரண்டு பக்கமும் கிறிஸ்தவர்கள், இரண்டு பக்கமும் பக்தி. அதனால்தான் இந்த வழக்கு உங்கள் டைனிங் டேபிளில் முடியாது.

பேசுவதற்கு ஷிப்மெண்ட் நெருக்கடி இல்லாத ஒரு ராத்திரியைப் பாருங்கள். பிள்ளைகள் தூங்கட்டும். மேஜையில் வேதாகமம் வேண்டாம், போனும் வேண்டாம். உங்கள் சபை ஐயரையோ அவர் பாஸ்டரையோ நடுவராக வைக்காதீர்கள். அவர்கள் வந்தால் இது சபைச் சண்டையாகிவிடும். “ஏனுங்க, பாப்பா வயித்துவலிக்கு நாமதான் காரணமோன்னு தோணுது. ஸ்டாரைப் பத்திப் பேசல. அவளைப் பத்திப் பேசோணும்” என்று ஆரம்பியுங்கள். மகளை அவரிடம் தூது அனுப்பியது தப்பு என்று நீங்களே முதலில் ஒத்துக்கொள்ளுங்கள், அவருக்கும் வாய் திறக்கும். பிறகு அவரிடம் கேட்க வேண்டியது, எதை அவரால் தாங்கவே முடியாது, எது பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை என்பது. மரமா, ஸ்டாரா, தாத்தாவா, ஆராதனையா? எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வராது. அதேபோல் எதை விட்டுக்கொடுத்தால் உங்களுக்கு அப்பாவையே இழந்த மாதிரி இருக்கும் என்றும் சொல்லுங்கள். எனக்கென்னவோ அது ஸ்டார் இல்லை, குடில் என்றுதான் படுகிறது. இங்கே வைக்க அவர் ஒப்பாவிட்டால், அரையாண்டு விடுமுறைக்கு அம்மாயி வீட்டுக்குப் போகும்போது அங்கே திண்ணையில் வைத்துச் செய்யுங்கள். சோளத்தட்டு உங்கள் கையில் இருக்கட்டும், சணலை மகள் பிடிக்கட்டும். அப்புச்சி கதையைச் சொல்லி நீங்கள் அழுதாலும் பரவாயில்லை, அம்மா எதற்கு அழுகிறாள் என்றாவது அவளுக்குத் தெரியும்.

அவர் ஆராதனைக்கு வரவே மாட்டேன் என்றால் அதையும் மறைக்காமல் பிள்ளையிடம் சொல்லலாம். இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் நல்லது: “இந்த விஷயத்துல அப்பா ஒரு மாதிரி நினைக்கறேன், அம்மா ஒரு மாதிரி. இயேசப்பான்னா ரெண்டு பேருக்கும் உசுரு. இது பெரியவங்க பேசிக்கற விஷயம். உன்னால வந்ததில்ல, நீ சரி பண்ணவும் வேண்டாம்.” கடைசி வாக்கியத்தை அப்பா வாயால் சொன்னால் பலம் அதிகம். நாடகத்தில் நடிப்பதா வேண்டாமா என்று அதற்கப்புறம் அவளிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், இன்னொரு பிள்ளை இறக்கை கட்டிக்கொள்ளும்.

தாத்தா விஷயத்தில் நான் உங்கள் பக்கமும் இல்லை, அவர் பக்கமும் இல்லை. பஞ்சுத் தாடிக்குள் வியர்க்க வியர்க்க மணி ஆட்டுகிற அந்த ஆளைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கும். தாத்தா இல்லாமலும் கிறிஸ்துமஸ் நடக்கும். ஆனால் பிடித்துக்கொண்டு போவார் என்ற பயம் நாலு வயதில் தங்கக் கூடாது. அந்த வயதில் வேஷமும் ஆளும் ஒன்றுதான். சின்னவனிடம், “அது ஒரு மாமா, சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு விளையாடறாரு” என்று சொல்லுங்கள். ஒரு தொப்பியை அவனே மாட்டிக் கழற்றிப் பார்த்தால் இன்னும் சீக்கிரம் புரியும். பெரியவளுக்கு, நாலாம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் இருந்த மீரா என்ற ஊரில் நிக்கோலாஸ் என்று ஒரு பிஷப் இருந்தார், அவர் பெயரில்தான் இந்தத் தாத்தா கதை வளர்ந்தது என்று சொல்லலாம். ஏழெட்டு வயதில் பிள்ளைகள் எப்படியும் உண்மையைக் கேட்பார்கள். கேட்டால் பொய் சொல்லாதீர்கள். தம்பியைப் பயமுறுத்தியதற்கு அவளைத் திட்டவும் வேண்டாம். கேட்டதைத்தானே சொன்னாள்.

கட்டிலுக்கு அடியில் இருக்கிற கலைமான் நைட் டிரஸ்ஸை நீங்களாக வெளியே இழுக்காதீர்கள். எப்போது போட்டுக்கொள்வது என்று அவளுக்கே தெரியும்.

போசி விஷயம் மட்டும் கிறிஸ்துமஸ் வரை காத்திருக்க வேண்டாம். இந்தச் சனிக்கிழமை அரிசியை ஊறப்போட்டு நீங்களே கச்சாயம் சுடுங்கள். வெல்லம் தட்டுகிற வேலையை மகளுக்குக் கொடுங்கள், எண்ணெய்ச் சட்டி முன்னால் அவரை நிற்க வையுங்கள். ஆறினதும் போசியில் போட்டு மூடி, மகள் கையில் கொடுத்தனுப்புங்கள். “எதுக்குக் கண்ணு பலகாரம்?” என்று அந்த அக்கா கேட்டால், “நீங்க தீபாவளிக்குக் குடுத்தீங்கல்ல” என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிடுவாள்.