கன்வென்ஷனல்னு லேபிள்ல போடலாமா?

காரைக்குடி பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. வீட்ல தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை எல்லாம் போட்டு ஆர்டர் எடுத்து அனுப்புறாங்க, இப்ப சிங்கப்பூர்ல இருந்தும் கேக்குறதால இங்கிலீஷ்ல லேபிள் அடிக்கணும், மகன் "கன்வென்ஷனல் செட்டிநாடு ஸ்நாக்ஸ்"னு எழுதிக் குடுத்திருக்கார், அகராதியிலயும் மரபுன்னுதான் இருக்கு, அச்சுக்குக் குடுத்துரலாமான்னு கேள்வி.

குடுத்துராதீங்க அக்கா. திங்கிற சாமான் மேல அந்த வார்த்தை வந்தா அதுக்கு வேற அர்த்தம். வெளிநாட்டுக் கடையில ஆர்கானிக் இல்லாததை, அதாவது செயற்கை உரமும் மருந்தும் போட்டு விளைய வைக்கிறதைத்தான் கன்வென்ஷனல்னு சொல்றாங்க. வாழைப்பழ ஸ்டிக்கர்ல 4011னு இருந்தா கன்வென்ஷனல், முன்னால ஒரு 9 சேர்ந்து 94011னு இருந்தா ஆர்கானிக். உங்க ஆச்சி பக்குவத்துல போட்ட சீடைக்கு எதுக்கு இந்தப் பேரு?

மகன் மேல தப்பில்ல, இந்தக் குழப்பம் நம்ம பாடப்புத்தகத்துல இருந்தே வருது. சூரிய ஒளி, காத்தாலை இதெல்லாம் 'மரபுசாரா எரிசக்தி'ன்னு படிச்சோம்ல, அது நான்-கன்வென்ஷனலோட மொழிபெயர்ப்பு. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, காத்தை நம்பிப் பாய்மரக் கப்பல் ஓட்டுனது நிலக்கரிக் கப்பலுக்கு எவ்வளவோ முந்தி, அப்பறம் காத்து எப்படி மரபுசாராததாகும்? ஏன்னா அந்த வார்த்தை பழசு புதுசு பாக்குறதே இல்ல, இன்னைக்கு ஊர் உலகத்துல பெரும்பாலும் எது நடக்குதோ அதைத்தான் பாக்குது. டெல்லியில கூட 1992ல அந்தப் பேர்ல இருந்த அமைச்சகத்தை 2006ல 'புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி'ன்னு மாத்திட்டாங்க.

கன்வென்ஷனலோட வேர் லத்தீன், 'கூடி வர்றது'ன்னு அர்த்தம். நாலு பேர் கூடுறது, கூடி ஒத்துக்கிறது, ஒத்துக்கிட்டதே வழக்கமாயிடுறது, இப்படி வளந்த வார்த்தை. கரன்ட் பிளஸ்ல இருந்து மைனஸுக்குப் போகுதுன்னு படிக்கிறோம், வயருக்குள்ள எலக்ட்ரான் போறது நேர் எதிர்த்திசையில, ஆனாலும் எல்லாரும் ஒத்துக்கிட்டதால அதைக் கன்வென்ஷனல் கரன்ட்னே சொல்றோம். அணுகுண்டு மாதிரி பேரழிவு ஆயுதம் இல்லாத துப்பாக்கி, பீரங்கி எல்லாம் கன்வென்ஷனல் ஆயுதம். இதுல ஒண்ணுலயாவது பாட்டன் பூட்டன் வாசனை இருக்கா?

ட்ரெடிஷனல்தான் பாட்டி கையில இருந்து அம்மா கைக்கு வர்றது. நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு, தரைக்குப் போடுற ஆத்தங்குடி கல்லு. கண்ணாடி மேல அச்சை வச்சு, கலர் ஊத்தி, சிமென்ட்டும் மணலும் போட்டு, சூளையில சுடாம தண்ணியில ஊறப்போட்டு கையால செய்யிறது, அது ட்ரெடிஷனல். இன்னைக்குப் புது வீட்டுக்கு எல்லாரும் போடுற ஃபேக்டரி டைல்ஸ்தான் கன்வென்ஷனல். முகப்பு, வளவு, கட்டுன்னு இருக்க நம்ம வீட்டைக் கன்வென்ஷனல் ஹவுஸ்னு யாராவது எழுதுனா எனக்கு மனசே ஆறாது.

இன்னொண்ணு, கன்வென்ஷனல்னு ஆளைப் பத்திச் சொன்னா லேசா குறையும் ஒட்டிக்கும். கல்யாணத்துக்கு வரன் பாக்கும்போது கன்வென்ஷனல் ஃபேமிலின்னு போட்டா, புதுசா எதையும் ஒத்துக்க மாட்டாங்க போலன்னு தோணும்.

லேபிள்ல "ட்ரெடிஷனல் செட்டிநாடு ஸ்நாக்ஸ்"னு போடுங்க, எல்லாமே கையால செய்யிறதா இருந்தா கீழ "ஹேண்ட்மேட்"னும் சேருங்க. ஸ்நாக்ஸ்னு மட்டும் விட்டுராம தேன்குழல், சீப்புச்சீடைன்னு பேரையும் பெருசா போடுங்க அக்கா, சிங்கப்பூர்ல இருக்க நம்மாளு தேடுறது அந்தப் பேரைத்தான்.