பத்துப் பேர் பட்டா: மாவோரி நிலம் காகிதத்தில் கைமாறிய கதை – கேள்வி பதில்

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளோடு பிரிட்டன் செய்த 1840 வைத்தாங்கி ஒப்பந்தம் நிலம் அவர்களுடையது என்று ஒப்புக்கொண்டதே. அப்புறம் எப்படிப் போனது?

ஒப்புக்கொண்ட அதே இரண்டாம் பிரிவில்தான் இன்னொரு வரியும் இருக்கிறது: விற்பதானால் பிரிட்டிஷ் அரசுக்குத்தான் முதல் உரிமை. வாங்க ஒரே ஆள் என்றால் விலையை அவன்தான் சொல்வான். 1848இல் தென்தீவில் ஙாய் தாஹு குலத்தாரிடம் கெம்ப் என்ற அதிகாரி ஏறத்தாழ 1.35 கோடி ஏக்கரை 2,000 பவுனுக்கு எழுதி வாங்கினார். குடியிருக்கவும் பயிரிடவும் அவர்களுக்கு ஒதுக்கியது 6,359 ஏக்கர்; தலைக்குப் பத்து ஏக்கர்கூடத் தேறவில்லை. 1860களின் நடுவில் தென்தீவு அநேகமாக முழுதும் கைமாறிவிட்டது. வடதீவில்தான் நீதிமன்றம் தேவைப்பட்டது.

ஏன் அங்கே மட்டும்?

குலத்தில் ஒருவர் விற்க, மற்றவர்கள் மறுக்க, சண்டை மூண்டது. 1859இல் வைத்தாராவில் தே தெய்ரா விற்க முன்வந்தார். தலைவர் விரெமு கீங்கி கூடாது என்றார். அரசு வாங்கியே தீருவேன் என்று நின்றதில் 1860இல் போர். “யார் உரிமையாளர்” என்பதைத் தீர்க்க ஓர் இயந்திரம் வேண்டும் என்றார்கள். 1862 சட்டம் அரசின் முதல் உரிமையைக் கைவிட்டுத் தனியாரையும் வாங்க அனுமதித்தது. 1865 சட்டம் பூர்வகுடி நில நீதிமன்றத்தை உறுதியான அமைப்பாக்கியது. தலைமை நீதிபதி ஃபென்டன். வழக்காற்று உரிமையை அரசுப் பட்டாவாக மாற்றுவதே அதன் வேலை. பட்டா ஆனால்தான் விற்க முடியும்.

“பத்துப் பேர் விதி” என்கிறார்களே, அது என்ன?

1865 சட்டப்படி ஒரு நிலத்துண்டுக்கான சான்றிதழில் பத்துப் பெயருக்கு மேல் எழுத முடியாது. 5,000 ஏக்கருக்கு மேற்பட்டதைக் குலத்தின் பேரில் தரலாம் என்று விலக்கும் இருந்தது, அபூர்வமாகவே பயன்பட்டது. நூற்றுக்கணக்கானவர்களின் நிலத்துக்குப் பத்துப் பேர் பெயர் கொடுத்தபோது, மற்றவர்கள் அவர்களைத் தங்கள் பொறுப்பாளர்கள் என்று நினைத்தார்கள். சட்டம் அவர்களை முழு உரிமையாளர்களாகப் பார்த்தது. ‘பொறுப்பாளர்’ என்ற சொல் பத்திரத்தில் எங்கும் இல்லை. கோளாறு முழுதும் அந்த விடுபட்ட சொல்லில்தான்.

இன்றைய ஹேஸ்டிங்ஸ் நகரைச் சுற்றியுள்ள ஹெரெதாவுங்கா சமவெளியைப் பாருங்கள். பட்டாவில் பத்துப் பெயர். கடைக்காரர்கள் அவர்களுக்குத் தாராளமாகக் கடன் கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பிடித்து, கடனுக்கு ஈடாகப் பங்கை எழுதி வாங்கினார்கள். 1870 வாக்கில் நிலம் போய்விட்டது. புகார்கள் பெருகி 1873இல் விசாரணைக் குழு அமைந்தது; விற்பனை ரத்தாகவில்லை.

விற்க விருப்பமில்லாதவர்கள் நீதிமன்றப் பக்கமே போகாமல் இருந்திருக்கலாமே?

இருக்க முடியாது. யாராவது ஒருவர் மனுப் போட்டாலே விசாரணை நடக்கும். வராதவருக்குப் பங்கில்லை. விசாரணையோ பெரும்பாலும் வெள்ளையர் ஊரில், வாரக்கணக்கில். ஊரை விட்டு வந்து கூடாரத்தில் தங்கினால் சாப்பாடு, சாராயம், வழக்குச் செலவு எல்லாம் கடைக்கடன். அதோடு நில அளவை இல்லாமல் பட்டா இல்லை. அளவைக் கூலி நிலத்தின் மேலேயே பாக்கியாக ஏறும். அதை அடைக்க ஒரு துண்டை வெட்டிக் கொடுத்த குலங்கள் பல. என்னைக் கேட்டால், தீர்ப்பைவிடச் செலவுதான் அதிக நிலத்தைத் தின்றது.

1873 சட்டம் எல்லாப் பெயரையும் எழுதச் சொன்னதாமே. அது நல்லதுதானே?

பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டியலில் இருந்தது குலம் அல்ல, தனித்தனி ஆட்கள். குலம் கூடி முடிவெடுக்க வழி வைக்கவில்லை. அரசின் கொள்முதல் முகவர்கள் இதைத்தான் பயன்படுத்தினார்கள். முதலில் ஒருவருக்கு முன்பணம். பிறகு ஒவ்வொரு கையெழுத்தாகச் சேகரிப்பது. போதிய பங்கு சேர்ந்ததும், அரசின் பங்கைப் பிரித்துத் தரும்படி நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை மனு. விற்காதவர்களுக்கு மிஞ்சியது எந்தத் துண்டு என்று சொல்லத் தேவையில்லை. 1894இல் தனியாருக்குத் தடை போட்டு மறுபடி அரசே ஒற்றை வாங்குபவர் ஆனது. விலை மறுபடி அரசின் கையில்.

போரில் பறிமுதலான நிலம் இந்தக் கணக்கில் வருமா?

வராது, அது தனி. 1863 சட்டத்தின் கீழ் வைக்காட்டோவில் மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கர் பறிக்கப்பட்டது.

விற்காமல் மிஞ்சிய நிலத்தையும் பயன்படுத்த முடியவில்லை என்கிறார்களே, ஏன்?

வாரிசு முறைதான் காரணம். 1867இல் பாப்பாகுரா வழக்கில் ஃபென்டன், பட்டாவில் உள்ளவர் இறந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு என்றார். மாவோரி வழக்காற்றில் அந்த நிலத்தில் குடியிருந்து அடுப்பெரிய வைத்தவருக்கே உரிமை நிலைக்கும்; தூரத்தில் போய்விட்டவரின் உரிமை ஆறிவிடும். அந்த வடிகட்டி போய்விட்டது. கணக்குப் போடுங்கள்: 10 உரிமையாளர், ஆளுக்கு 5 பிள்ளை. அடுத்த தலைமுறை 50, பிறகு 250, பிறகு 1,250. நிலம் 500 ஏக்கர் என்றால் ஆளுக்கு அரை ஏக்கர்கூட இல்லை, அதுவும் எங்கே என்று காட்ட முடியாத பங்கு. பாகம் பிரித்தால் 2A, 2B, பிறகு 2B1, 2B2 என்று எண்கள் நீளும். சில துண்டுகளுக்குப் பாதையே இருக்காது. இத்தனை பேர் கையெழுத்துக்கு எந்த வங்கி கடன் தரும்?

இதற்கு மருந்து என்று 1953 சட்டம் 25 பவுனுக்குக் குறைந்த பங்குகளைக் கட்டாயமாக வாங்கிக்கொள்ள வழி செய்தது. 1967 சட்டமோ நான்கு பேர் அல்லது அதற்குக் குறைவானோர் உள்ள நிலத்தை, மாவோரி நிலம் என்ற தனிநிலை இல்லாத சாதாரணத் தனியார் நிலமாக மாற்றியது. மருந்தே மேலும் நிலத்தைக் கரைத்தது. 1975இல் மாவோரித் தலைவி வீனா கூப்பர் தலைமையில் நிலப் பேரணி கிளம்பியதற்கு இந்தக் கோபமும் ஒரு காரணம்.

இப்போது விற்க முடியுமா?

முடியும், ஆனால் கடினம். 1993 சட்டப்படி பல பங்காளிகள் உள்ள நிலத்தை விற்க முக்கால் பங்கின் சம்மதம் வேண்டும். ரத்த உறவினருக்கும் குலத்தாருக்கும் முதல் வாய்ப்பு. அதன்பின் மாவோரி நில நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும். 1865இல் தொடங்கிய அதே நீதிமன்றத்தின் வழித்தோன்றல்தான் அது. மாவோரிப் பட்டா நிலம் இன்று சுமார் 14 லட்சம் ஹெக்டேர், நாட்டின் பரப்பில் இருபதில் ஒரு பங்கு. பெரும்பகுதி வடதீவில்.